பெயர் எழுதாத சித்திரகாரர்

இலங்கையின் மேற்குக் கரையிலே, புத்தளக் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, வடக்கு நோக்கி நீட்டிய கையைப் போல ஒரு மணற்றரை கிடக்கின்றது. அக்கையின் விரல்நுனியை அடுத்திருக்கும் ஊர் கற்பிட்டி. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டு கட்டத் தொடங்கி 1676ஆம் ஆண்டு முடித்த கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. புத்தளத்து வழியாகக் கண்டி இராச்சியத்துக்கும் அக்கரைக்கும் நடந்த வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்கிக் கொள்ளவே அவர்கள் அதனை எழுப்பினர். அக்கரை என்று சொன்னது தமிழ்நாட்டை. அந்த நாட்டை அயல்நாடு என்று கருதும் வழக்கம் அக்காலத்துக் கற்பிட்டி மக்களுக்கு இருந்திராது. காற்று வாய்த்தால் தோணி போகும். காற்று மாறினால் தோணி வரும். அவ்வளவே.

இந்தக் கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு சைமன் காசிச் செட்டி பிறந்தார். 1834இல் இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசையில் விளக்கும் பெருநூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1838இல் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னாளில் சிலாபத்தில் நீதிபதியாகக் கடமை புரிந்தார். 1860இல் காலமாவதற்கு முந்திய ஆண்டிலே அவர் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளிப்படுத்திய நூல் ஒன்றுண்டு. அதற்கு அவர் 'தமிழ் புளூட்டாக்' எனப் பெயரிட்டார். கிரேக்க நாட்டுப் புளூட்டாக் என்பார் பண்டைப் பெருமக்களின் வாழ்க்கையை எழுதிவைத்ததுபோல, காசிச் செட்டியார் தென்னாட்டிலும் ஈழத்திலும் வாழ்ந்த தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தார். 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலைத் தமிழிலேயே வெளியிட்டு அவ்வழியைத் தொடர்ந்தார். ஆக, தமிழ்ப் புலவர்களின் பெயர்கள் மறைந்து போகாமல் காத்த பெருமையில் ஈழநாட்டுக்குப் பெரும் பங்குண்டு.

இதனை எண்ணி மகிழும்போதே மற்றொரு கேள்வியும் உள்ளத்தில் எழுகின்றது. புலவருக்குக் காசிச் செட்டி கிடைத்தார். சித்திரகாரருக்கு யார் கிடைத்தார்? தெய்வத்தைச் சொல்லிலே வடித்தவரின் பெயர் நமக்குத் தெரியும். தெய்வத்தை வண்ணத்திலே வடித்தவரின் பெயர் நமக்குத் தெரியுமா? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

காசிச் செட்டியார் கற்பிட்டியில் குழந்தையாய்த் தவழ்ந்த நாளிலே, கடலுக்கு அப்பால், தஞ்சாவூரில், இரண்டாம் சரபோசி மன்னர் அரியணையில் இருந்தார். 1798 முதல் 1832 வரை அவர் காலம். அவரை அடுத்து அவர் மைந்தர் இரண்டாம் சிவாசி 1855 வரை அரசராக இருந்தார். காசிச் செட்டியாரின் பிறப்பிலிருந்து நடுவயது கடந்த காலம் வரை, அக்கரையில் ஒரு கலை தன் உச்சியில் நின்றது. பலகைப் படம் என்று மக்கள் சொல்வதும், தஞ்சாவூர் ஓவியம் என்று உலகம் சொல்வதும் அதுவே. கலையின் பொற்காலமும் அறிஞரின் வாழ்நாளும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. ஆயினும் அக்கலைஞர்களின் வரலாறு எழுதப்படவில்லை.

அக்கலை வந்த வழியைச் சுருக்கமாகக் காண்போம். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்து ஓர் இருண்ட சுற்றுவழி இருக்கின்றது. அதன் சுவர்களிலே நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்பார், உதிர்ந்த சுதையின் கீழே அதனினும் பழைய ஓவியப் படலம் ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டார். அது சோழர் காலத்து ஓவியம்! சுந்தரர் வெள்ளையானையின் மேலேறிக் கயிலை செல்லும் காட்சியும், முப்புரம் எரித்த பெருமானின் கோலமும் அறுநூறு ஆண்டுக்குப் பின்வந்த வண்ணத்தின் அடியிலே உறங்கிக் கிடந்தன. தெய்வத்தை வண்ணத்தில் எழுதுவது தஞ்சைக்குப் புதிதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஓர் ஓவியன் மறைந்தான், அவன் ஓவியத்தின் மேலே இன்னோர் ஓவியன் எழுதினான், அவனும் மறைந்தான். சுவர் மட்டும் இருவரையும் சுமந்து நின்றது.

1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரிலே விசயநகரம் வீழ்ந்தது. ஆதரித்த அரசு சிதையவே, தெலுங்கு நாட்டுச் சித்திரகாரர் பலர் தெற்கே பெயர்ந்தனர். தஞ்சையிலும் மதுரையிலும் நாயக்க மன்னர் அவர்களுக்கு நிழல் தந்தனர். நாயக்கருக்குப் பின் 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மராட்டியர் தஞ்சையை ஆண்டபோது அந்நிழல் இன்னும் விரிந்தது. ஆந்திர வழியினரான ராஜு மரபினர் தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும், நாயுடு மரபினர் மதுரைப் பக்கத்திலும் இத்தொழிலைக் கைக்கொண்டனர். ஆங்கிலேயர் தம் குறிப்புகளில் தஞ்சை ஓவியரை 'முச்சி' என்று எழுதினர். தெலுங்கு பேசிய கைவினைஞர், மராத்தி பேசிய மன்னர், தமிழ் பேசிய அடியார் என மூன்று மொழியினரும் கூடிய இடத்திலே இக்கலை வளர்ந்தது.

சுவரை விட்டு ஓவியம் பலகைக்கு இறங்கியதே இதன் வரலாற்றில் பெரிய திருப்பம். சுவரோவியத்தைக் காண நாம் கோயிலுக்குப் போக வேண்டும். பலகைப் படமோ நம் வீட்டுக்கு வரும். குடும்பம் இடம்பெயர்ந்தால் அதுவும் உடன் வரும். நிலையான தெய்வத்துக்கு அடுத்தபடியாக, நடமாடும் தெய்வம் ஒன்றை ஓவியர் மக்களுக்குத் தந்தனர் என்று கூறினால் மிகையாகாது.

அப்பலகை எவ்வாறு ஆக்கப்பட்டது? முற்றிய பலாமரத்திலிருந்து பலகை அறுத்து, நன்கு உலர்த்தி, ஒப்பனை செய்வர். அதன்மேல் துணியை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். சுண்ணக் கல்லின் மாவைப் பசையோடு குழைத்துத் துணியின்மீது பலமுறை பூசி, காய்ந்தபின் வழவழப்பாகத் தேய்ப்பர். அவ்வெண்ணிறப் பரப்பிலே உருவத்தின் கோடுகள் வரையப்படும். பின்னர் அணிகலன், கிரீடம், சிங்காதனம், மண்டபத் தூண், திருவாசி ஆகியவை வரும் இடங்களிலே அதே சுண்ண மாவைப் பசையோடு சேர்த்துப் புடைக்கும்படி ஏற்றுவர். அப்புடைப்பிலே கண்ணாடிக் கற்களையும், செல்வர் கேட்டால் விலையுயர்ந்த மணிகளையும் பதித்து, அவற்றைச் சூழத் தங்க ரேக்கை ஒட்டுவர். இவ்வளவும் முடிந்த பின்னரே வண்ணம். சாதிலிங்கத்தின் சிவப்பும், அரிதாரத்தின் மஞ்சளும், அவுரியின் நீலமும், விளக்குக் கரியின் கருமையும் தம் தம் இடத்தை அடையும். பின்னணி பெரும்பாலும் சிவப்போ பச்சையோ நீலமோவாக இருக்கும். நிழல் காட்டி ஆழத்தை உண்டாக்கும் முயற்சி குறைவு. திருமுகத்தின் நுண்ணிய கோடுகளைத் தலைமை ஓவியரே தீட்டுவதும், கண்ணை இறுதியில் எழுதுவதும் வழக்கம்.

கண்ணைக் கடைசியில் எழுதுவதில் ஓர் ஆழ்ந்த கருத்து உண்டு. கண்டி நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயன் ராபட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலிலே இதுபோன்ற செய்தி ஒன்றைக் குறித்திருக்கின்றான். உருவத்துக்குக் கண் அமைக்கும்வரை அது தெய்வமாகக் கருதப்படுவதில்லை. சாதாரண உலோகமாகவே எண்ணப்படும் என்கின்றான். அக்கரை என்ன, இக்கரை என்ன, பலகை என்ன, உலோகம் என்ன? கண் திறக்கும் வரை அது கைவினை. கண் திறந்தபின் அது கடவுள். அந்த ஒரு கணத்திலே கைவினைஞன் பின்னடைந்து வணங்குபவனாகி விடுகின்றான்.

பொன் ஏன் இவ்வளவு என்று சிலர் கேட்பதுண்டு. மின்னொளியின் கீழே இப்படங்களைக் காண்பவருக்கு அவை சற்றுப் பகட்டாகத் தோன்றுதல் இயல்பு. ஆனால் அவை மின்னொளிக்காக ஆக்கப்பட்டவை அல்ல. இருண்ட பூசையறையிலும், எண்ணெய் விளக்கு எரியும் பசனை மண்டபத்திலும் வைப்பதற்காக ஆக்கப்பட்டவை. விளக்கின் சுடர் அசையும்போது புடைத்து நிற்கும் பொன்னிலே ஒளி ஓடும். கற்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கண்சிமிட்டும். தட்டையாய் எழுதிய உருவம் மூச்சு விடுவதுபோலத் தோன்றும். சரபோசி மன்னர் காலத்திலே காவிரிக் கரை முழுதும் பசனை ஒலித்தது. மருதாநல்லூர்ச் சற்குரு சுவாமிகள் நாமசங்கீர்த்தன முறையை ஒழுங்குபடுத்தினார். திருவையாற்றிலே தியாகராச சுவாமிகள் இராமனைப் பாடினார். பாடுவோர் கூடிய இடத்தின் நடுவே இராமர் பட்டாபிடேகப் படம் ஒன்று விளங்கும். பாட்டும் படமும் விளக்கும் சேர்ந்தே அந்த வழிபாடு. பாட்டை எடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, படத்தை மட்டும் அரும்பொருட் காட்சிச்சாலைச் சுவரிலே தொங்கவிட்டு, 'பகட்டு' என்று சொல்வது நேர்மையன்று.

படங்களின் பொருளும் மக்களின் உள்ளத்துக்கு நெருங்கியவையே. வெண்ணெய்க் குடத்தைத் தழுவிய கண்ணன், ஆலிலையில் துயிலும் கண்ணன், வள்ளி தெய்வயானையுடன் முருகன், மீனாட்சி திருக்கலியாணம், அலைமகள், கலைமகள். நடுவிலே தெய்வம் பேருருவாய் இருக்கும். அடியவரும் பணியாளரும் சிற்றுருவாய்ச் சூழ்ந்து நிற்பர். கண்ணன் கொழுத்த கன்னமும் உருண்ட வயிறுமாய், வீட்டுப் பிள்ளைபோல இருப்பான். அவனைக் காணும் தாய் கும்பிடுவதற்கு முன்னே சிரிப்பாள்.

பிற நாட்டுக் காற்றும் இக்கலையிலே வீசியது. தஞ்சை நாட்டுக் கரையிலுள்ள தரங்கம்பாடியிலே டேனிசுக்காரர் 1620ஆம் ஆண்டிலேயே வந்து இறங்கியிருந்தனர். சரபோசி மன்னருக்கு ஆசானாக இருந்தவர் செருமன் நாட்டுப் பாதிரியார் சுவார்ட்சு. அம்மன்னர் பல நாட்டு நூல்களையும் படங்களையும் சேர்த்துச் சரசுவதி மகால் நூல்நிலையத்தை வளம்படுத்தினார். ஆகவே தஞ்சைப் படங்களில் தெய்வத்தின் தலைக்கு மேலே சிறகு முளைத்த தேவகன்னியர் மலர்தூவிப் பறப்பதையும், கனத்த திரைச்சீலைகள் குஞ்சம் கட்டித் தொங்குவதையும் காண்கின்றோம். கண்ணாடியின் பின்புறத்திலே தலைகீழ் வரிசையில் வண்ணம் தீட்டும் முறையும் தஞ்சையில் பரவியது. பலகையில் இறுதியாக எழுதும் கண்ணையும் அணியையும் கண்ணாடியில் முதலிலே எழுத வேண்டும். பின்னணி கடைசியில் வரும். முறை தலைகீழாயினும் தெய்வம் மாறவில்லை.

இதே ஓவியரின் கைகள் கும்பினி அதிகாரிகளுக்காக வேறொரு வகைப் படங்களையும் எழுதின. தென்னாட்டுச் சாதிகளும் தொழில்களும், கணவனும் மனைவியுமாக நிற்கும் இணைப்படங்கள் அவை. ஆங்கிலேயர் அவற்றைத் தொகுதியாகக் கட்டித் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். இலண்டன் நகரத்து அரும்பொருட் சாலைகளில் இன்றும் அவை இருக்கின்றன. படத்தின் கீழே குறிப்பு எழுதியிருக்கும். இவன் குயவன், இவள் குயத்தி. இவன் நெசவாளன், இவள் அவன் மனைவி என்று. வரையப்பட்டவனின் சாதிக்கும் தொழிலுக்கும் பெயர் உண்டு. வரைந்தவனுக்கோ பெயர் இல்லை. 'தஞ்சாவூர் ஓவியர் ஒருவர்' என்பதோடு நின்றுவிடுகின்றது.

இங்கேதான் நாம் தொடங்கிய கேள்வி மீண்டும் வந்து நிற்கின்றது. ஏன் இப்பெயர்கள் மறைந்தன?

'அவர்கள் பத்திமான்கள், தம்மை மறந்து தெய்வத்தை எழுதினார்கள், பெயரை விரும்பவில்லை' என்பதே பெரும்பாலோர் சொல்லும் மறுமொழி. கேட்பதற்கு இனிய மறுமொழிதான். ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். திருஞானசம்பந்தரினும் பத்திமான் யார்? அவர் தம் பதிகங்களின் இறுதிப் பாட்டிலே, அதனைத் திருக்கடைக்காப்பு என்போம், தம் ஊரையும் பெயரையும் பொறித்து வைத்தார். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவ்வாறே செய்தனர். தியாகராச சுவாமிகள் தம் கீர்த்தனங்களில் தம் பெயரை முத்திரையாக வைத்தார். முத்துசாமி தீட்சிதர் 'குருகுக' என்று வைத்தார். இவர்களுடைய பத்தி பெயரைப் பொறித்ததனால் குறைந்துவிட்டதா? குறையவில்லை. ஆகவே பத்தி காரணமாகப் பெயர் மறைந்தது என்னும் வாதம் முழுதும் பொருந்தாது. தன்னை மறத்தல் என்பது ஓவியனுக்கு மட்டும் விதித்த அறமாக இருத்தல் இயலாது.

உண்மைக் காரணங்கள் வேறு என்று எனக்குத் தோன்றுகின்றது. முதலாவது, பாட்டிலே பெயர் யாப்போடு பின்னிக் கிடக்கின்றது. பாடுகின்றவன் பெயரை விட்டுவிட்டால் அடி உடையும். படத்திலோ பெயரை எழுதுவதற்குத் தெய்வத்தின் திருமுன்னிலே இடம் ஒதுக்கும் வழக்கம் ஏற்படவில்லை. இரண்டாவது, ஓவியம் கைத்தொழிலாக எண்ணப்பட்டது, கல்வியாக எண்ணப்படவில்லை. புலவன் அவையில் அமர்ந்தான். சித்திரகாரன் பட்டறையில் அமர்ந்தான். ஒரு படத்தைத் தந்தை கோடிட, மைந்தன் சுண்ணம் அரைக்க, தம்பி ரேக்கு ஒட்ட, அது குடும்பத்தின் உழைப்பாக வெளிவந்தது. யார் பெயரை எழுதுவது? மூன்றாவது காரணமே முதன்மையானது. வரலாறு எழுதியவர் எல்லோரும் எழுத்தை நேசித்தவர்கள். ஏட்டிலே பெயரைத் தேடினார்கள். பலகையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. காசிச் செட்டியாரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர் செய்ததே ஒருவர் ஆயுளில் செய்தற்கரியது. அவர் காலத்தின் கண் எங்கே நோக்கியதென்பதைச் சுட்டவே சொன்னேன்.

ஈழநாட்டின் நிலையை நோக்குவோம். கற்பிட்டிக்குத் தெற்கே, சிலாபத்தை அடுத்து முன்னேசுவரம் இருக்கின்றது. 1578இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். கண்டியிலே 1739 முதல் நாயக்கர் மரபு அரசாண்டது. அம்மரபினனான கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இல் முன்னேசுவரத்துக்குத் திருப்பணி செய்வித்துக் குடமுழுக்கு நடத்தினான். அவனே கண்டி நாட்டுப் புத்த விகாரைகளை ஓவியங்களால் நிரப்பியவன். அவ்விகாரைகளிலே விட்டுணுவும் கந்தனும் காவற்றெய்வங்களாகத் தீட்டப்பெற்றிருத்தலை இன்றும் காணலாம். அவன் காலத்தில் தொடங்கிய தெகல்தொருவை விகாரை ஓவியங்களை எழுதியவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்பது நமக்குத் தெரியும். தஞ்சையில் தெரியாத பெயர், அதே நூற்றாண்டிலே, கண்டியில் எவ்வாறு தெரிய வந்தது?

அதனைக் குறித்துவைக்க ஒருவர் முன்வந்தார். அதனால் தெரிய வந்தது. அவர் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் நூலிலே ஓவியரின் குடிவழி, கூலி, நிலமானியம், வண்ணம் குழைக்கும் முறை, கண் திறக்கும் சடங்கு யாவும் இடம்பெற்றன. ஊர் ஊராய்ச் சென்று, உயிரோடிருந்த கைவினைஞரிடம் கேட்டறிந்து அவர் எழுதினார். இதிலே ஒரு வியப்பான பொருத்தம் உண்டு. சட்டநிரூபண சபையிலே முதல் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமியின் பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். அவருக்குப் பின் அவ்விடத்தை ஏற்றவரே கற்பிட்டிக் காசிச் செட்டியார். அடுத்தடுத்து ஒரே இடத்தை வகித்த இருவருள், ஒருவர் தாமே புலவரின் பெயர்களைக் காத்தார். மற்றவரின் பேரர் கைவினைஞரின் பெயர்களைக் காத்தார். ஆயினும் தஞ்சைப் பலகைக்காரருக்கு அத்தகைய ஒருவர், பட்டறைகள் தழைத்திருந்த நாளிலே, வாய்க்கவில்லை.

எழுதிய தெய்வத்துக்கு எவ்வளவு உயர்ந்த இடம் கிடைக்கும் என்பதை அறியக் கதிர்காமம் ஒன்றே போதும். அங்கே கருவறையைத் திறந்து எவருக்கும் காட்டுவதில்லை. முருகன் தன் தேவியர் இருவரோடும் மயிலின்மேல் வீற்றிருக்கும் கோலம் திரைச்சீலையிலே தீட்டப்பட்டிருக்கின்றது. இலட்சக்கணக்கான அடியார் கைகூப்புவது அந்தத் திரையின் முன்னிலையில். திரையை எழுதிய கை யாருடையது என்று அவ்வடியாரிடம் கேட்டால், 'முருகனுடையது' என்றே சொல்லக்கூடும்.

இனி, அக்கலையின் பிற்காலம். 1855இல் இரண்டாம் சிவாசி மன்னர் ஆண்மகவின்றி இறக்க, கும்பினியார் தஞ்சையைத் தம் ஆட்சியோடு சேர்த்துக் கொண்டனர். அரண்மனை ஆதரவு அற்றது. செட்டிநாட்டுச் செல்வரும் பிறரும் வாங்கியமையால் பட்டறைகள் முற்றும் மூடப்படவில்லை. ஆனால் 1894இல் ரவிவர்மா பம்பாயிலே அச்சகம் நிறுவி வண்ணப்படங்களை ஆயிரக்கணக்கில் வெளியிடத் தொடங்கியதும், பலகைப் படத்தின் விலைக்கு முன்னே தாள் படத்தின் விலை வெற்றி கண்டது. ஏழையின் குடிசையிலும் இலக்குமி குடியேறினாள். இதனைக் கேடு என்று எவ்வாறு சொல்வது? நேற்றுவரை அரண்மனைக்கும் மாளிகைக்கும் உரியதாக இருந்த தரிசனம் எல்லாருக்கும் கிடைத்தது.

அச்சு மற்றொன்றையும் செய்தது. ஓவியனுக்குக் கையொப்பம் தந்தது. ராஜு குடியிலே பிறந்த கொண்டையராஜு, 1898 முதல் 1976 வரை வாழ்ந்தவர், கோவிற்பட்டியிலே தங்கி, தம் மாணவர்களோடு தெய்வப் படங்களை எழுதிக் குவித்தார். அவை நாட்காட்டிகளாகத் தமிழர் வாழும் இடமெல்லாம் பரவின. அவற்றின் மூலையிலே அவர் பெயர் இருந்தது. முன்னோர் பொன்னிலே எழுதிப் பெயரின்றி மறைந்தனர். அம்மரபில் வந்தவர் தாளிலே எழுதிப் பெயர் பெற்றார். ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியைக் கிழிக்க மனமின்றி, படத்தை மட்டும் வெட்டிச் சட்டமிட்டு மாட்டிய வீடுகள் எத்தனை!

பலகைப் படத்துக்கும் பின்னர் மறுவாழ்வு வந்தது. இன்று தஞ்சையிலும் சென்னையிலும் இன்னும் பல ஊர்களிலும் இதனைக் கற்பிக்கின்றார்கள். பலாப்பலகைக்குப் பதிலாக ஒட்டுப்பலகை வந்துவிட்டது. பழைய வண்ணங்களுக்குப் பதிலாகக் கடையில் விற்கும் வண்ணங்கள் வந்துவிட்டன. பொன்னுக்குப் பதிலாகப் பொன்னிறத் தகடு ஒட்டி ஏமாற்றுவாரும் உண்டு. 2007ஆம் ஆண்டையொட்டி இந்திய அரசின் புவிசார் குறியீட்டுப் பதிவு 'தஞ்சாவூர் ஓவியம்' என்னும் பெயருக்குக் கிடைத்தது. நல்லதே. ஆனால் அச்சட்டம் காப்பது ஊரின் பெயரை. ஓவியனின் பெயரைக் காப்பது நம் கடமையாகவே நிற்கின்றது.

நேயர்களே, வரலாறு என்பது அரசர் செய்வது மட்டும் அன்று. குறித்து வைப்பார் செய்வதும் ஆகும். கற்பிட்டி என்னும் சிற்றூரிலே பிறந்த ஒருவர் குறித்து வைத்தமையால் இருநூறு புலவர் நமக்கு உறவினர் ஆயினர். நம் வீடுகளிலே பாட்டனார் காலத்துப் பலகைப் படமோ, கண்ணாடிப் படமோ, பழைய அச்சுப் படமோ இருக்கக்கூடும். கற்பிட்டி, உடப்பு, சிலாபம் போன்ற கரையோர ஊர்களிலே உப்புக் காற்று ஓயாமல் வீசும். அதனால் பசை இளகிச் சுண்ணம் உதிரும். மரத்தைப் பூச்சி அரிக்கும். அப்படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; சுண்ணமும் வண்ணமும் துணியோடு வந்துவிடும். விளக்கின் புகை நேரே படாமல் சற்றே தள்ளி வையுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, வீட்டிலுள்ள முதியவரிடம் கேளுங்கள். எங்கிருந்து வந்தது? யார் கொண்டு வந்தார்? எந்த ஊர்ச் சித்திரகாரரிடம் வாங்கினார்கள்? பெயர் சொன்னார்களா? அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, நாளும் இட்டு, படத்தோடு சேர்த்து வையுங்கள். பெயர் கிடைக்காமலும் போகலாம். ஊரின் பெயராவது, வந்த ஆண்டாவது கிடைத்தால் அதுவும் இலாபமே.

காசிச் செட்டியாரும் அவ்வாறே, சிதறிக் கிடந்த சிறு சிறு செய்திகளைத் திரட்டித்தான் தம் நூலை எழுதினார். சித்திரகாரர்க்கு ஒரு புளூட்டாக் இனிமேலும் தோன்றலாம். அவர் வந்து கேட்கும் நாளிலே, கொடுப்பதற்கு நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.